எந்தக் கோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்?

அக்டோபர் 9, 2025, வியாழன்

ஜல்லடியன்பேட்டை மனையில் வீடு கட்ட அனுமதி கேட்டுக் கொடுத்த கோப்பு நின்றுவிட்டது. "நிராகரிக்கல மேடம், நிறுத்தி வெச்சிருக்காங்க" என்று இன்ஜினியர் போனில் சொன்னார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அக்டோபர் 10

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் செப்டம்பர் 24 உத்தரவைப் பற்றி வந்த செய்திகளை ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ராம்சார் எல்லைக்குள்ளும் (ராம்சார் என்பது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியல்), அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் வரையிலும், கட்டட அனுமதி எதுவும் தரக் கூடாது. சதுப்பு நிலத்தின் தாக்கம் எதுவரை போகிறது என்பதை ஆய்வு செய்து வரையறுக்கும் வரைக்கும் இதுதான் நிலை.

உத்தரவில் எனக்குக் கோபம் இல்லை. 2023 டிசம்பர் 4 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிக்ஜாம் மழையில் கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் கூடத்தில் படுத்திருந்தார்கள். தெருவில் படகு வந்தது. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் முழுக்க இந்தச் சதுப்பில் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளத்தில்தான் கடலைச் சேர வேண்டும். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு இது. 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறும்போது 1,247.54 ஹெக்டேர். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு கிலோமீட்டர் என்றால் எந்தக் கோட்டிலிருந்து?

அக்டோபர் 13

அத்தை கேட்டார்கள்: "என்னம்மா, கடைக்கால் எப்போ?"

மழை விடட்டும் அத்தை என்றேன்.

அக்டோபர் 16

பருவமழை தொடங்கிவிட்டது என்று வானிலை மையம் அறிவித்திருக்கிறது. மனையில் இறக்கிய செங்கல்லுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு வந்தோம். மேஸ்திரி அங்கேயே நின்றார். ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்க அவருக்குக் கூச்சம். நானே சொல்லி அனுப்பினேன். அவர்களுக்கும் கூலி வேண்டுமே.

அக்டோபர் 20

தீபாவளி. மூன்றாவது வருஷமாக இதே வாடகை வீட்டில். அத்தை மாடிப்படி இறங்கவில்லை.

அக்டோபர் 24

இவர் கூகுள் மேப்பில் அளந்தார். வனத்துறைக் கம்பி வேலியிலிருந்து எங்கள் மனைக்கு 1,130 மீட்டர். வேலிக்கு இந்தப் பக்கம் கோரைப்புல் முளைத்துத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் இடத்திலிருந்து அளந்தால் 840. முதல் கணக்கில் வெளியே இருக்கிறோம், இரண்டாவதில் உள்ளே.

இதைத்தான் நான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1,247 ஹெக்டேரில் காப்புக் காடாக அறிவித்தது சுமார் 700. அதற்கு வேலி இருக்கிறது, கல் இருக்கிறது. மீதி எந்தெந்தச் சர்வே எண்ணில் வருகிறது? வரைபடத்தில் ஒரு நிறம் பூசியிருக்கிறார்கள். நிறத்தை வைத்துப் பட்டா நிலத்தை அளக்க முடியாது. சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படம் வேண்டும், உட்பிரிவு எண் வேண்டும். கிராமத்தில் அரை சென்ட் வரப்புத் தகராறு என்றாலே சர்வேயர் சங்கிலியோடு வந்துவிடுகிறார். இங்கே பல ஆயிரம் குடும்பங்களின் விஷயம் இது, இன்னும் யாரும் கல் நடவில்லை.

எங்கள் மனையின் வடகிழக்கு மூலையில் சர்வே கல் இருக்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லை, தலையில் அம்புக்குறி கொத்தியிருக்கும், ஒரு பக்கம் பாசி. 2014இல் வாங்கியபோது தரகர் முதலில் காட்டியது இந்தக் கல்லைத்தான். "கல்லு பேசும் சார், ஆளு பேச வேண்டாம்" என்றார்.

அக்டோபர் 27

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 31

பெரும்பாக்கத்தில் ராம்சார் பகுதிக்குள் வருவதாகச் சொல்லப்படும் பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருக்கிறது. டிவியில் இரவு முழுக்க அதுதான். யார் ஆட்சியில் எந்தக் கையெழுத்து என்று ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது என்று கேட்பது நியாயம்தான், கேட்கத்தான் வேண்டும். ஆனால் நான் பார்த்த அறிக்கைகளில் ஒன்றுகூட "சர்வே எண் பட்டியலை வெளியிடு" என்று கேட்கவில்லை. அந்தப் பட்டியல் முன்பே வெளியாகியிருந்தால் பெரிய கம்பெனியும் தப்பியிருக்காது, எங்களைப் போல அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வைத்திருப்பவர்களும் இப்படித் தொங்கிக்கொண்டு நிற்க மாட்டோம்.

சதுப்பின் மேல் முதலில் ஏறியது யார் என்று பார்த்தால் மனசு இன்னும் கனக்கிறது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அரசாங்கத்துடையது. பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலை அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களே அங்கே கட்டடம் எழுப்பியிருக்கின்றன. கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் கட்டி, நகரத்துக்குள் கூவம் ஓரம் இருந்த ஏழைகளைக் கொண்டுவந்து தாழ்வான இடத்தில் குடிவைத்ததும் அரசாங்கம்தான்.

நவம்பர் 4

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இன்று தொடக்கம். வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைப் புதிதாகச் சரிபார்க்கிறார்கள்.

நவம்பர் 8

கீழ்க்கட்டளைப் பழைய வீட்டுப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்கள். "உங்க பேருக்கு ஃபார்ம் வந்திருக்கு, கொண்டுவந்த அம்மா வாங்கி வைக்கச் சொன்னாங்க, வைக்கட்டுமா?" வையுங்கள் அக்கா என்றேன். அட்டையில் இன்னும் கீழ்க்கட்டளை முகவரிதான். தை பிறந்ததும் சொந்த வீட்டு முகவரிக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

வாடகைக்கு இருப்பவனின் ஓட்டு வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அவர் காலி செய்யச் சொன்னால் தொகுதியே மாறிவிடுகிறது.

நவம்பர் 9

படிவத்தில் பழைய தீவிரத் திருத்தப் பட்டியலில் இருந்த விவரம் கேட்கிறார்கள். பாகம் எண், வரிசை எண். அப்போது நான் மன்னார்குடிப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். அண்ணனுக்குப் போன் செய்தேன், தேடி எடுத்து அனுப்புகிறேன் என்றான். மேடவாக்கம் இருக்கும் சோழிங்கநல்லூர் தொகுதி அப்போது கிடையாது, 2008 மறுசீரமைப்பில்தான் வந்தது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு ஐடி வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் எல்லோரும் இன்று யாரோ ஒரு அண்ணனுக்குப் போன் செய்துகொண்டிருப்பார்கள்.

திமுக உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதிமுக திருத்தத்தை ஆதரிக்கிறது. எனக்கு வேண்டியது என் பெயர்.

நவம்பர் 12

தரகர் ஒருவர், முன்பின் தெரியாதவர்: "ஜல்லடியன்பேட்டை மனை இப்போ போகாது மேடம். நம்மகிட்ட பார்ட்டி இருக்கு, கேஷா குடுத்துடுவாங்க." சொன்ன விலை நாங்கள் வாங்கிய விலையை ஒட்டி இருந்தது. பதினோரு வருஷம் கழித்து! அடுத்த மூச்சில், ஒரு கிலோமீட்டருக்கு வெளியே மனை இருக்கிறது, சதுர அடிக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஆனால் "கோர்ட்டு பயம் இல்ல" என்றார். அவருக்கு மட்டும் கோடு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? கேட்டேன். வைத்துவிட்டார்.

விற்றுவிட்டு வேறு இடம் வாங்கலாம் என்று இவரும் ஒரு நிமிஷம் நினைத்தார். கணக்குப் போட்டோம். முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறைவு, அதுவும் 10 லட்சம் மதிப்பு வரைக்கும். இந்தப் பக்கம் அந்த மதிப்பில் மனை கிடையாது. குறைந்த விலைக்கு விற்று, கூடுதல் விலைக்கு வாங்கி, அதன் மேல் 9 சதவீதம். முடியாது.

விற்க மனசும் இல்லை. 2016இல் அங்கீகாரம் இல்லாத மனைகளுக்குப் பத்திரப் பதிவை நீதிமன்றம் நிறுத்தியபோதும் இப்படித்தான் தவித்தோம். மறு வருஷம் அந்த மனைகளுக்கு அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் வந்தது. வரிசையில் நின்று, வளர்ச்சிக் கட்டணம் கட்டி, ஆணை வாங்கினோம். அரசாங்கம் கேட்ட காகிதம் எல்லாம் கொடுத்தோம். மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கம், எல்லாம் அந்தப் பச்சைக் கோப்பில் இருக்கிறது.

நவம்பர் 15

அத்தைக்கு வலது முட்டி வீங்கியிருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு அறை, குளியலறையில் பிடிமானக் கம்பி, வாசலில் படிக்குப் பதில் சரிவு. பிளானில் முதலில் வரைந்தது அதைத்தான்.

நவம்பர் 19

வங்கியில் கேட்டேன். கடன் ஒப்புதல் கடிதம் ஜனவரி கடைசி வரைக்கும்தான் செல்லும். அதற்குப் பிறகு புதிதாக விண்ணப்பம், புதிதாக மதிப்பீடு. மதிப்பீட்டாளர் இப்போது வந்து பார்த்தால் என்ன எழுதுவார்?

நவம்பர் 20

போன வருஷம் ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரையோடு ஒரு மாடி என்றால் இணையத்தில் உடனே அனுமதி. அப்போதே போட்டிருக்கலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்போது அத்தைக்கு ஆபரேஷன், கையில் பணம் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

நவம்பர் 30

படிவம் கொடுக்கக் கடைசித் தேதி டிசம்பர் 11 ஆகிவிட்டது. அண்ணன் பழைய பட்டியலைக் கண்டுபிடித்து அனுப்பினான். அப்பா பெயர், அதற்குக் கீழே அம்மா, அதற்குக் கீழே நான். அப்பா பெயரை அச்சில் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று.

டிசம்பர் 1

டித்வா புயல் வலுவிழந்துவிட்டது என்றார்கள். காலையிலிருந்து மழை விடவே இல்லை. இலங்கையில் ஊர் ஊராகப் போயிருக்கிறது, டிவியை அணைத்துவிட்டேன்.

டிசம்பர் 2

இவர் நனைந்துகொண்டே போய் மனையைப் பார்த்துவிட்டு வந்தார். சர்வே கல் முழுகவில்லை, செங்கல் அடுக்கில் கீழ் இரண்டு வரிசை தண்ணீரில். தெருமுனையில் கணுக்கால் அளவு. கிழக்கே போகப் போக முழங்கால், அதற்கு அப்பால் ஏரி போல இருக்கிறதாம்.

அந்தத் தண்ணீர் சதுப்புக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது. போவதற்கு அது ஒன்றாவது இருக்கிறதே. அதனால்தான் சொல்கிறேன், ஒரு கிலோமீட்டர் என்று வட்டம் போட்டால் சரியாக வராது. தண்ணீர் வட்டமாக ஓடுவதில்லை. ஒரு பக்கம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏரி நிரம்பி வழியும் கலங்கல்கூடச் சதுப்போடு சேர்ந்ததுதான். இன்னொரு பக்கம் முந்நூறு மீட்டரில் மேடு. ஆய்வு செய்பவர்கள் இந்த மழையில் வந்து நின்று பார்த்தால் போதும். எங்கள் மனை உள்ளேதான் என்று நிலமே சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், அழுதுவிட்டு ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் நஷ்டஈடோ மாற்று மனையோ தர வேண்டும், ஏனென்றால் வரன்முறை ஆணையில் கையெழுத்துப் போட்டது அவர்கள்.

டிசம்பர் 6

வீட்டுக்காரர் வந்தார். மெட்ரோ வரப்போகிறது, சோழிங்கநல்லூர் லைன் முடிந்தால் இந்த வீட்டுக்கு இரண்டு மடங்கு வாடகை கிடைக்கும் என்றார். பொங்கலுக்குப் பிறகு ஏற்றுவாராம், இல்லையென்றால் காலி செய்யணும். "நீங்கதான் சொந்தமா கட்டறீங்களே?"

டிசம்பர் 11

படிவம் கொடுக்கும் தேதியைத் திரும்பவும் நீட்டித்திருக்கிறார்கள், 14 வரை. கொடுத்தாயிற்று. ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 13

"கல்லு வெச்சாச்சா?" அத்தை தூக்கக் கலக்கத்தில் கேட்டார்கள்.

டிசம்பர் 19, வெள்ளி

வரைவுப் பட்டியல். தமிழ்நாட்டில் 97 லட்சம் பெயர் நீக்கம். அதில் 66 லட்சத்துக்கு மேல் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள். வாடகை ஏறியதால் போனவர்கள், வேலைக்காகப் போனவர்கள், குடிசை எடுத்ததால் பெரும்பாக்கம் வந்தவர்கள் எல்லாரும் அந்த எண்ணிக்கைக்குள் இருப்பார்கள். இறந்தவர்களையும் இரட்டைப் பதிவுகளையும் நீக்குவது சரி. உயிரோடு இருக்கிற, வீடு மட்டும் மாறிய மனுஷனை நீக்கினால் அவனைத் தேடிப்போய்ச் சேர்க்க வேண்டிய பொறுப்பும் நீக்கியவர்களுக்கு இருக்கிறது.

எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, கீழ்க்கட்டளையில். அத்தை பெயர் இல்லை.

டிசம்பர் 20

ஆட்சேபணைக்கு ஜனவரி 18 வரை நேரம் இருக்கிறது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. எம்ஜிஆர் காலத்திலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவர்கள்.

டிசம்பர் 21, ஞாயிறு

மனு எழுதி முடித்தேன், இரண்டு பக்கம். எங்கள் தெருவில் மனை வைத்திருக்கும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். கேட்டிருப்பது ஒன்றுதான்: ராம்சார் பகுதியில் வரும் சர்வே எண்களை, உட்பிரிவு வாரியாக, தமிழில், கிராம நிர்வாக அலுவலர் அலுவலக வாசலில் ஒட்டுங்கள். தாக்க மண்டலம் முடிவானதும் அதையும் அப்படியே ஒட்டுங்கள். தடையை நீக்கச் சொல்லி ஒரு வரிகூட எழுதவில்லை. எதிர்வீட்டு மனைக்காரர் அதைச் சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். சேர்க்க மாட்டேன்.

நாளை காலை இவர் புலப்படம் நகல் எடுக்கப் போகிறார். நான் அத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெயர் சேர்க்கும் முகாமுக்குப் போகணும். முகவரிக்கு இந்த வீட்டைத்தான் எழுத முடியும். வாடகை ஒப்பந்தம் பொங்கலோடு முடிகிறது.