காவல் மாறும் பத்து நிமிடங்கள்

கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி, கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவு வரை ஏறத்தாழ 2,700 கடல் மைல் தூரம். 14 மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில், பணியாளர் ஆறு பேரில் ஒருவனாக, 19 நாள்களில் அதைக் கடந்தேன். இதைச் சொன்னவுடன் எல்லோரும் புயலைப் பற்றியும் சுறாவைப் பற்றியுமே விசாரிக்கிறார்கள். நான் அவை இரண்டையும் பார்க்கவில்லை. நான் அங்கே பார்த்ததெல்லாம் கயிறுகளைத்தான், அவற்றில் ஒன்றைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதும் உண்டு.

இருவர் இருவராக மூன்று அணிகள். மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. இந்த ஒன்பது மணி நேரச் சுற்று 24 மணிக்குள் மீதமின்றி அடங்காது என்பதால், இன்று நள்ளிரவில் எழுந்தவன் நாளை விடியற்காலை மூன்று மணிக்கும் மறுநாள் ஆறு மணிக்கும் எழுவான். நான்காம் நாள் மறுபடி நள்ளிரவு. கெட்ட நேரம் எவர் தலையிலும் நிரந்தரமாக விடியாத ஏற்பாடு இது. படகுக் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்திலேயே விட்டுவிட்டோம். மேற்கே 15 பாகை நகர்ந்தால் சூரியன் ஒரு மணி நேரம் பிந்தும். புறப்பட்டபோது ஏழரை மணியைத் தாண்டி உதித்த சூரியன், பயணத்தின் முடிவில் பத்து மணிக்கு மேல்தான் தலைகாட்டியது.

ஓய்வு என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. சமையல், பாத்திரம், பழுதுபார்ப்பு எல்லாம் அந்த ஆறு மணி நேரத்திற்குள்தான் நடந்தாக வேண்டும். அடுப்பு படகோடு சேர்ந்து சாயாதபடி ஊஞ்சல்போல் தொங்கும். ஆனாலும் திறந்த சட்டியில் குழம்பு வைப்பது துணிச்சல்தான். மூடி பூட்டிக்கொள்வதால் பிரஷர் குக்கரை நெடுந்தூரம் பாயில் செல்பவர்கள் பெரிதும் விரும்புகிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஊர்ப் பெருமை பொங்கியது. பருப்பு சாதம் வைக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பாத்திரங்களைக் கடல்நீரில் தேய்த்து, ஒரு குவளை நன்னீரில் அலசுவோம். குளிர்பெட்டிக்கு வெளியே வைத்திருந்த முட்டைகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் புரட்டி வைப்போம். சில காலைகளில் தளத்தின் மேல் பறவைக் கோலா மீன்கள் விறைத்துக் கிடக்கும், அன்று வறுவல்.

திசை மாறாமல் ஓட்டுவதைப் பெரும்பாலும் ஆட்டோபைலட் கவனித்துக்கொள்ளும். காவலில் இருப்பவன் செய்வது பார்ப்பதுதான். ஒரு சரக்குக் கப்பலின் விளக்கு அடிவானத்தில் தென்பட்டதிலிருந்து அது நம்மை நெருங்க இருபது நிமிடம் போதும் என்பதால், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நாற்புறமும் கண்ணோட்ட வேண்டும். மணிக்கு ஒருமுறை இருப்பிடம், காற்று, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மேகமற்ற இரவுகளில் துருவ நட்சத்திரத்தைக் கையால் அளப்பேன். நீட்டிய கையில் மடக்கிய முட்டி ஏறத்தாழ பத்து பாகை. லாஸ் பால்மாஸில் மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நின்ற அந்த நட்சத்திரம், நாங்கள் வட அட்சரேகை 28-ஆம் பாகையிலிருந்து 14-ஆம் பாகைக்கு இறங்க இறங்க ஒன்றரை முட்டிக்குத் தாழ்ந்துவிட்டது.

வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. பின்காற்று சுகமானது என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதில்தான் படகு இடமும் வலமுமாக ஓயாமல் உருளும். பெரிய பாயின் அடியில் இருக்கும் பூம் என்ற நீண்ட கட்டை ஒருபுறமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று சற்றே மறுபக்கம் பிடித்தால் அது படகைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபுறம் பாய்ந்துவிடும். அதைத் தடுக்கவே பூமின் நுனியிலிருந்து படகின் முன்புறத்துக்கு ஒரு கயிறு கட்டப்படுகிறது. ஒவ்வோர் உருளலிலும் அக்கயிறு ஒரே இடத்தில் உரசும். ஆகவே நாள்தோறும் அதை ஒரு சாண் நகர்த்தி, உரசும் இடத்தை மாற்ற வேண்டும்.

பதினோராம் நாள் 19:30 மணிக்கு, பொழுது சாய்வதற்குச் சற்று முன், அந்தக் கயிற்றின் மேலுறை ஓரிடத்தில் பஞ்சாய்ப் பிசிறியிருந்ததைப் பார்த்தேன். காவல் மாறும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். 21 மணிக்குக் காவல் மாறிய வேளையில் மழை பிடித்துக்கொண்டது. முன்பாயைச் சுருட்டினோம், நனைந்தோம், நான் இறங்கிப் போய்ப் படுத்துவிட்டேன். ஒரு மணிக்குக் கயிறு அறுந்தது. பூம் மறுபுறம் போய் மோதிய ஓசையில், படகு எதன் மீதோ ஏறிவிட்டது என்றே கீழே படுத்திருந்த எனக்குத் தோன்றியது. பாய்க்குள் செருகியிருந்த இரண்டு சட்டங்கள் ஒடிந்தன. காவலில் இருந்தவர் அந்நேரம் குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்றிரவு எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விடிந்ததும் படகுத் தலைவர் அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எப்போது பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பதிவேட்டைத் திறந்து, 19:30-க்கு எதிரே விட்டிருந்த வெற்றிடத்தில், “கயிறு பிசிறியது காணப்பட்டது, தெரிவிக்கப்படவில்லை” என்று அவரே எழுதினார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு காவல் மாறும் பத்து நிமிடங்களில், இறங்குபவரும் ஏறுபவரும் இடுப்பு வாரைப் படகோடு பிணைத்துக்கொண்டு, சிவப்பு விளக்கொளியில் முன்னே சென்று ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தடவிப் பார்த்தோம். கண்ணுக்குத் தப்பும் பிசிறு விரலுக்குத் தப்புவதில்லை. தூக்கக் கலக்கத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு காவலின்போதும் கீழே நால்வர் உறங்குகிறார்கள்.

19-ஆம் நாள் விடியலுக்கு முன், செயின்ட் லூசியாவின் விளக்குகள் எதிரே புள்ளிகளாகத் தெரிந்தபோது என் கடைசிக் காவல் முடிந்தது. காற்றின் திசை, வலப்புறம் சென்ற கப்பல், ஒரு சாண் நகர்த்திய கயிறு, காலியான தேநீர்க் குடுவை, கீறல் விழுந்த ஒரு முட்டை என அனைத்தையும் ஒப்பித்தேன். அவ்வளவுதானா என்று காவல் ஏற்க வந்தவர் சிரித்தார். படியில் பாதி இறங்கியிருந்த நான், மீண்டும் மேலேறி வாரை மாட்டிக்கொண்டு முன்னே போனேன்.