ஏழரை மணிக்கு மூடும் கேட்

போன வருடம் இரண்டாம் தவணையின் நடுவில் மகனின் பாடசாலையிலிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. அவன் தரம் 9. அந்தத் தவணையில் அதுவரை நடந்த 41 நாட்களில் 14 நாட்கள் சமுகமளிக்கவில்லை, பெற்றோர் உடனே வந்து வகுப்பாசிரியரைச் சந்திக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. காலையில் சீருடை போட்டு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து புறப்படுகிற பிள்ளை. பகல் இரண்டு மணிக்கு அதே சீருடையோடு திரும்பி வருகிற பிள்ளை. கடிதம் வீடு மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பாடசாலை முன்பே அழைத்திருக்கிறது. அவர்களிடம் இருந்தது கணவரின் பழைய கைத்தொலைபேசி இலக்கம். அவர் கட்டாருக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது, அந்த இலக்கம் அப்போதே செத்துவிட்டது. பிள்ளை படிக்கும் இடத்தில் உங்கள் இலக்கம் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எனக்கு ஆறு வாரங்கள் அதில் போயின.

அன்றிரவு அவனை அடித்தேன். "எங்கே போனாய், யாரோடு போனாய்" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். வாய் திறக்கவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த சப்பாத்தை எடுத்து உதறினேன். சிமெந்துத் தரையில் மணல் கொட்டியது. காக்கைத்தீவுக் கடற்கரை மணல். பிள்ளை எங்கே இருந்தான் என்று தெரிந்துவிட்டது. ஏன் அங்கே போனான் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

அடுத்த நாள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வகுப்பாசிரியரைப் பார்க்கப் போனேன். அவர் திட்டுவார் என்று பயந்து போன எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். வரவு இடாப்பைத் திறந்து மகனின் பெயருக்கு நேரே விரலை வைத்து நகர்த்தினார். நீல மைக் கோடுகளுக்கு நடுவே சிவப்புப் பூச்சியங்கள். "அம்மா, இந்தப் பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராமல் நிற்பதே இல்லை. ஒரு நாள் வரமாட்டான், அடுத்த நாள் வந்துவிடுவான். ஊர் சுற்றப் பழகிய பிள்ளை இப்படி விட்டு விட்டு நிற்காது. வீட்டில் அந்த நாட்களில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் காலை முறை. அந்த நாட்களில் ஐந்தரைக்கே வீட்டை விட்டுப் போய்விடுவேன். வேலை முறை எழுதிய தாள் என் கைப்பையில் இருந்தது. அதை இடாப்பின் பக்கத்தில் விரித்து வைத்தோம். 14 பூச்சியங்களில் 12 என் காலை முறை நாட்கள்.

வகுப்பிலிருந்து அவனை அழைத்து வந்தார்கள். தாளைப் பார்த்ததும் அழத் தொடங்கினான். தங்கை தரம் 2, வேறு பாடசாலை. நான் இல்லாத நாட்களில் அவளை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவன் தன் பாடசாலைக்கு ஓட வேண்டும். போய்ச் சேர ஏழு நாற்பது ஆகிவிடும். கேட் ஏழரைக்கு மூடப்படும். பிந்தி வந்தவர்கள் வெளியே நின்று பெயர் கொடுக்க வேண்டும். மூன்று முறை பெயர் பதிந்தால் பெற்றோரை அழைத்து வர வேண்டும். "நீங்கள் லீவு போட்டால் சம்பளத்தில் வெட்டுவார்கள் அம்மா" என்றான். அதனால் கேட் வரை போய், மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே முகத்துவாரம் பக்கம் கடற்கரைக்கு நடந்திருக்கிறான். மிச்ச இரண்டு நாட்கள்? அந்த நாட்களில் கேட் திறந்துதான் இருந்தது, போக மனம் வரவில்லை என்று அவனே ஒத்துக்கொண்டான். நான் மிகவும் பயந்தது அந்த இரண்டு நாட்களுக்குத்தான். 2020இலும் 2021இலும் கொரோனாவுக்காகவும், 2022இல் எரிபொருள் இல்லாமலும் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது வீட்டில் இருந்து பழகிய பிள்ளைகள் இவர்கள். போகாமல் இருப்பது அவர்களுக்குச் சுலபமாக வந்துவிடுகிறது.

கடிதத்தின் பிரதி பிரதேச செயலகத்துக்கும் போயிருந்ததால், ஒரு வாரத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் கிராம சேவகரோடு வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளையைக் கொண்டுபோய் விடுவார்களோ, வழக்குப் போடுவார்களோ என்று என் கை நடுங்கியது. உத்தியோகத்தர் பொறுமையாகச் சொன்னார். 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிப்படி முன்பு 5 முதல் 14 வயது வரை பிள்ளைகள் பாடசாலைக்குப் போவது கட்டாயமாக இருந்தது. 2016இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. அனுப்பும் பொறுப்பு பெற்றோருடையது. போகாத பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் திரும்பச் சேர்ப்பதற்குத்தான் பாடசாலை வரவுக் குழுக்கள். "வழக்கு கடைசி வழி அம்மா. அதற்கு முன்னால் செய்ய எவ்வளவோ இருக்கிறது" என்றார். பிறப்புச் சான்றிதழ், தேர்ச்சி அறிக்கை, என் வேலை முறைத் தாள் மூன்றையும் எடுத்து வைத்திருந்தேன். அதிகமாகப் பயன்பட்டது அந்தத் தாள்தான்.

பிறகு அதிபரின் அறையில் ஒரு சந்திப்பு. அதிபர், வகுப்பாசிரியர், உத்தியோகத்தர், நான், மகன். மகனையும் உட்கார வைத்துப் பேசியது பெரிய விஷயம். என் காலை முறை நாட்களில் அவன் ஏழே முக்கால் வரை பெயர் பதியாமல் உள்ளே வரலாம் என்று அதிபர் எழுதிக் கையொப்பமிட்டார். கேட்டில் கடமையிலிருக்கும் ஆசிரியர் ஒரு சிறிய அட்டையில் தினமும் நேரத்தை எழுதுவார், இரவில் நான் கையொப்பமிட வேண்டும். வராத நாளில் எட்டு மணிக்குள் என் இலக்கத்துக்கு அழைப்பு வரும். மேற்பார்வையாளரிடம் உத்தியோகத்தரின் கடிதத்தைக் காட்டியதில் காலை முறை இரண்டிலிருந்து ஒன்றானது. அந்த ஒரு நாளுக்கு மாடி வீட்டு மேரி அக்கா தன் பேத்தியோடு என் மகளையும் கூட்டிப் போகிறார். இதை ஆறு மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்கலாம். கேட்க எனக்குக் கூச்சம்.

முதல் இரண்டு வாரங்கள் லேசாக இருக்கவில்லை. விட்டுப்போன பாடங்களால் கணித வகுப்பில் ஒன்றும் விளங்கவில்லை என்று ஒரு காலை எழும்ப மறுத்தான். அன்று அடிக்கவில்லை. ஓட்டோவில் ஏற்றிக் கேட் வரை போனேன். வகுப்பாசிரியர் கணித ஆசிரியரிடம் பேசி, இடைவேளையில் வாரம் இரண்டு நாள் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்பதையும் அவர்தான் அவனிடம் விளக்கினார். இரண்டாம் தவணையில் கடிதம் வந்த நாளில் அவனுடைய வரவு 66 சதவீதம். தானே கணக்குப் போட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

மூன்றாம் தவணை முடிவில் இடாப்பைப் பார்க்க மறுபடி போனேன். அவன் பெயருக்கு நேரே மூன்று பூச்சியங்கள். மூன்றும் காய்ச்சல். நான் எழுதிக் கொடுத்த கடிதம் அந்தப் பக்கத்தோடு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தது.