ஆற்றுக்கு முதலில் வேறு வழி

அணை வேலையில் இருந்தவன் என்று தெரிந்தால் ஊரில் கேட்பது ஒன்றுதான்: "ஓடுற தண்ணிக்குள்ள எப்படிங்க கான்கிரீட் போடுவீங்க?" போடுவதில்லை. ஆற்றைத் திருப்பிவிட்டு, காய்ந்த படுகையில்தான் கட்டுவோம். கோடையில் மணல் தெரியும் ஆறு என்றால் பாதி வேலை மிச்சம். நான் வேலை பார்த்த இமாசலத்தில் அந்தச் சலுகை கிடையாது. கோடையில் பனி உருகி வரும், அதன் பின்னாலேயே மழை. குளிர்காலத்தில்தான் ஆறு கொஞ்சம் இளைக்கும்.

முதலில் கரையோர மலையைக் குடைய வேண்டும். சட்லெஜில் பக்ரா அணைக்காக 50 அடி விட்டத்தில், அரை மைல் நீளத்தில் இரண்டு சுரங்கங்கள் குடைந்தார்கள். 226 மீட்டர் உயர அணைக்கு 1955 நவம்பரில் கான்கிரீட் போடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சுரங்கம் தயாரானதும் காஃபர் டேம் என்கிற தற்காலிக அணை. இரு கரையிலிருந்தும் டிப்பர்கள் கல்லைக் கொட்டிக்கொண்டே நெருங்கும். இடைவெளி குறுகக் குறுகத் தண்ணீரின் வேகம் ஏறும். கொட்டிய கல் கண்ணெதிரே உருண்டு போகும். கடைசி சில மீட்டருக்குப் பெரும் பாறைகளும் கான்கிரீட் கட்டைகளும்தான் நின்றன. ஷிப்ட் மாறும்போதுகூட வண்டி நிற்கக் கூடாது. நீர்மட்டம் ஏறி, ஆறு சுரங்க வாய்க்குள் திரும்பியதும் டிரைவர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்கள்.

அப்புறம்தான் தெரியும், ஆறு முழுசாகப் போய்விடவில்லை என்று. படுகையின் கூழாங்கல்லுக்கு அடியில் கசிந்து வந்துகொண்டே இருக்கும். அதற்குக் கிரவுட்டிங் (துளை போட்டுச் சிமெண்ட் குழம்பைச் செலுத்தி அடைப்பது), இரவு பகலாகப் பம்புகள், கீழ்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறாமலிருக்க இன்னொரு காஃபர் டேம். இத்தனையும் முடிந்து, அடிப்பாறை வரை தோண்டிய பிறகே அணை தொடங்கும்.

காஃபர் டேமை எவ்வளவு உயரம் கட்டுவது என்பது, என்னைக் கேட்டால், சூதாட்டம்தான். பெருவெள்ளத்துக்கும் தாங்கும்படி கட்டினால் செலவு தலைக்கு மேலே போகும். அதனால் எங்களுடையதை மழையில்லாத மாதங்களின் வெள்ளத்துக்கு மட்டும் வடிவமைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் இயந்திரங்களை மேலே ஏற்றிவிட்டு, தண்ணீரை அதன் மேலேயே வழிய விட்டோம். வடிந்தபின் சேறு அள்ளுவதிலேயே வாரக்கணக்கில் போனது.

அணை எழுந்ததும் சுரங்கத்தைக் கதவு இறக்கி மூடி, உள்ளே கான்கிரீட்டால் அடைப்பது வழக்கம். பாகீரதியில் 260.5 மீட்டர் உயர தெஹ்ரி அணைக்குத் தோண்டிய சுரங்கங்களை மட்டும் வீணாக்கவில்லை. வெள்ள நீர் இறங்கும் வழியாக மாற்றிக்கொண்டார்கள்.