மூன்று நிமிட பேஸ் சோலோவுக்கு ஏழு வாரம்

பேஸ் கிட்டார் (தடித்த கம்பிகளோடு கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் கிட்டார்) வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பாட்டு ஓட ஓடக் கூடவே வாசித்து ஒப்பேற்றும் அளவுக்குக் கை வந்திருக்கிறது. ஆனால் "நீ மட்டும் ஒரு மூன்று நிமிடம் வாசி" என்று யாராவது சொன்னால் முழிப்பேன். அந்த முழியைப் போக்கத்தான் அமெரிக்கப் பாடகர் டானி ஹாத்தவேயின் 'லைவ்' ஆல்பத்தைக் கையில் எடுத்தேன். அதன் கடைசிப் பாட்டு 'வாய்சஸ் இன்சைட்', 13 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் பின்பாதியில் அவருடைய பேஸ்காரர் வில்லி வீக்ஸ் தனியாக பேஸ் வாசிக்கிறார். பேஸ் பழகுகிறவர்கள் ஒருமுறையாவது முட்டிப் பார்க்கும் இடம் அது. நானும் போய் முட்டினேன். நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கி வைத்ததிலிருந்து எடுத்து எழுதுகிறேன். நடுவில் ஒரு வாரம் காய்ச்சல், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் வாரம்

கிட்டாரைத் தொடவே இல்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

ஆல்பம் 1972 பிப்ரவரியில் ஆட்கோ நிறுவனம் வெளியிட்டது. எட்டே பாட்டு. இசைத்தட்டின் முதல் பக்கம் 1971 ஆகஸ்டில் ஹாலிவுட்டின் ட்ரூபடோர் கிளப்பில் பதிவானது. இரண்டாம் பக்கம் அதே வருடம் அக்டோபரில் நியூயார்க்கின் பிட்டர் எண்ட் கிளப்பில். இரண்டுமே சின்ன இடங்கள். பிட்டர் எண்டில் மேடைக்குப் பின்னால் வெறும் செங்கல் சுவர்தான். ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கின் இரைச்சல் இதில் கிடையாது. ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்க முடிகிற கூட்டம். இது எவ்வளவு முக்கியம் என்று அந்த வாரம் எனக்குத் தெரியாது.

ஹாத்தவே சிகாகோவில் பிறந்து, செயின்ட் லூயிஸில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். பாட்டி தேவாலயப் பாடகி. பேரனும் மூன்று வயதிலேயே மேடை ஏறிவிட்டார். அப்புறம் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் முறையாக இசை படித்தார். இந்த ஆல்பத்தில் தேவாலயமும் பல்கலைக்கழகமும் ஒன்றாகக் கேட்கும். ஸ்வரக்கட்டு அத்தனை நுணுக்கம், ஆனால் கூட்டம் கேட்கிற விதம் அசல் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை.

ஆல்பத்தில் ஹாத்தவே பாடும் மற்றவர்கள் பாட்டுகளின் தேதிகளைக் குறித்தபோது ஒன்று பிடிபட்டது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவந்தது 1971 ஜனவரி. ஜான் லெனனின் 'ஜெலஸ் கை' இருக்கும் ஆல்பம் அதே வருடம் செப்டம்பர். ஹாத்தவே அதைப் பாடியது அக்டோபரில். சுடச்சுட இறங்கிய பாட்டைத் தன் பாட்டாகவே மாற்றிவிட்டார்.

'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' கரோல் கிங் எழுதியது. அந்தக் கோடையில் ஜேம்ஸ் டெய்லர் பாடியதும் ஓடிக்கொண்டிருந்தது, ஹாத்தவேயும் ராபர்ட்டா ஃப்ளாக்கும் சேர்ந்து பாடியதும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வுர்லிட்சர் மின்பியானோவில் முதல் சில நோட்டுகள் விழுந்த உடனேயே கூட்டம் அலறுகிறது. அந்தப் பியானோவுக்குள் கம்பி கிடையாது. மெல்லிய எஃகு நாக்குகளைச் சின்னச் சுத்தியல்கள் தட்டும். மெதுவாகத் தொட்டால் மணி மாதிரி இருக்கும், அழுத்தினால் உறுமும். பல்லவி வந்ததும் ஹாத்தவே ஒதுங்கி வழிவிடுகிறார். மொத்த கிளப்பும் பாடுகிறது. இந்த இடத்தை மட்டும் அந்த வாரம் இருபது தடவை கேட்டிருப்பேன், பேஸுக்குச் சம்பந்தமே இல்லாமல்.

இரண்டாம் வாரம்

சோலோவுக்குப் போகும் முன் அதே ஆல்பத்தின் 'தி கெட்டோ' என்று முடிவு செய்தேன். 12 நிமிடப் பாட்டு. பேஸுக்கு ஏறக்குறைய ஒரே சுற்றுதான், திரும்பத் திரும்ப. சுலபம் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

நாலாவது நிமிடத்தில் மனசு சமையலறைக்குப் போய்விட்டது. ஆறாவது நிமிடத்தில் முன்கை கல்லாகிவிட்டது. போனில் பதிவு செய்து கேட்டால், நான் பாட்டுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஏர்ல் டிரூவனின் காங்கோ மேளம் சூடு பிடிக்கிற இடத்தில் எனக்கும் சூடு பிடித்து, விரல் தானாகவே எதையாவது அலங்காரமாகச் சேர்த்துவிடுகிறது. வீக்ஸ் அங்கே அசையவே இல்லை. காங்கோ ஆடட்டும், கூட்டம் பாடட்டும், பியானோ எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று அவர் பாட்டுக்குக் கிணற்று ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறார்.

டிரம்ஸ் ஃப்ரெட் வைட். 1955இல் பிறந்தவர், அப்படியென்றால் இந்தப் பதிவின்போது வயது 16. பிற்பாடு அண்ணன்மார்களோடு எர்த் விண்ட் அண்ட் ஃபயர் குழுவில் சேர்ந்தார். நான் பதினாறு வயதில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது இங்கே வேண்டாம்.

'தி கெட்டோ'வின் முந்தைய ஸ்டூடியோ பதிவில் ஒரு கைக்குழந்தை அழும் சத்தம் வரும். அது ஹாத்தவேயின் மகள் லேலா. அந்தக் குழந்தை வளர்ந்து, அதே ட்ரூபடோர் மேடையில் ஏறி, 2015இல் தன் பெயரிலேயே ஒரு லைவ் ஆல்பம் வெளியிட்டது. அதில் அப்பாவின் 'லிட்டில் கெட்டோ பாய்' பாட்டைப் பாடியதற்கு 2016இல் கிராமி விருதும் வந்தது. ஹாத்தவே 1979இல், 33 வயதில், நியூயார்க் ஹோட்டல் ஒன்றின் 15ஆவது மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். பல வருடம் மனச்சிதைவு நோயோடு போராடியவர். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் மேடையில் அவர் சிரிக்கிற சத்தம் வேறு மாதிரி கேட்கிறது. அதனால் தெரியாதது போலவே கேட்க முயல்கிறேன். முடிவதில்லை.

மூன்றாம், நாலாம் வாரம்

சோலோவைக் காதால் கேட்டு எழுத ஆரம்பித்தேன். எழுதி வைத்ததை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அடுத்தவன் விடைத்தாளைப் பார்த்து எழுதுவது.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் போட்டு வேகத்தை 60 சதவீதமாகக் குறைத்தேன். பேஸ் குழம்பாகிவிட்டது, எது எந்த நோட்டு என்றே தெரியவில்லை. அரை நாள் போன பிறகுதான் ஒரு வழி கிடைத்தது. வேகத்தைக் குறைத்ததோடு சுருதியையும் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே தூக்கிவிட்டால் பேஸ் சாதாரண கிட்டார் மாதிரி தெளிவாகக் கேட்கிறது. காதுக்கு அந்த உயரம்தான் பழக்கம். பழகுகிறவர்களுக்கு நான் உருப்படியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

நோட்டுப் புத்தகத்தில் கம்பிக்கு ஒன்றாக நாலு கோடு போட்டு, ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டை) எண்களைப் பென்சிலால் எழுதினேன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து விநாடிதான் நகரும். தொடக்கம் கீழேயே, தடித்த கம்பிகளில், மிகக் கொஞ்சம் நோட்டுகளோடு. அப்புறம் படிப்படியாக மேலே ஏறுகிறது. இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தட்டும் இடங்களில் மட்டும் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன்.

இடையில் ஒரு வினை. கம்பி உயரத்தைக் குறைத்தால் விரலுக்கு லேசாக இருக்குமே என்று கிட்டாரை ஒரு கடையில் கொடுத்தேன். அளவுக்கு மீறிக் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள், முதல் நாலைந்து ஃப்ரெட்டிலும் கரகரவென்று சத்தம். கடைசியில் நானே ஆலன் கீயால் கழுத்துக் கம்பியை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரி செய்யும் இரும்புக் கம்பி) கால் சுற்று தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் தளர்த்திச் சரி செய்தேன். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டிப் பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) ஓரத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். ரீங்காரம் போய், நோட்டு 'டும்' என்று விழுந்து நிற்கிறது. வீக்ஸின் தொனிக்கு இது எவ்வளவு பக்கம் என்று கேட்காதீர்கள். என் பழைய தொனிக்குத் தூரம், அதுவே போதும்.

நாலாம் வார முடிவில் எல்லா நோட்டும் கைக்கு வந்துவிட்டது. மெதுவாகத்தான், ஆனாலும் முழுசாக. பெருமையாக இருந்தது.

ஐந்தாம் வாரம்

பெருமை இறங்கிய வாரம்.

ஊரிலிருந்து மாமா வந்திருந்தார். சின்ன வயதில் ஏழெட்டு வருடம் மிருதங்கம் கற்றவர், விட்டு நாற்பது வருடம் ஆனாலும் எதைக் கேட்டாலும் தொடையில் தாளம் தானாக விழும். நான் வாசித்தேன். முழுசும் கேட்டுவிட்டு, "அசல் எங்க? அதைப் போடுங்க" என்றார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளை, அவரு வாசிக்கறதுல பாதி கார்வை. நீங்க அதையெல்லாம் சொல்லால அடைச்சிடறீங்க."

தனி ஆவர்த்தனத்தில், அதாவது மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியில், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடுகிற இடைவெளிதான் கார்வை. நான் நோட்டுகளை மட்டும் எழுதி, இடைவெளியை வெறும் காத்திருப்பாக நினைத்திருக்கிறேன். போதாததற்கு, காத்திருக்கப் பயந்து அடுத்த நோட்டைச் சீக்கிரமே எடுத்திருக்கிறேன்.

"பின்னாடி தாளம் பிடிக்கறது யாரு?" என்றார்.

"பதினாறு வயசுப் பையன் மாமா."

"அதான். பெரியவங்க பார்ப்பாங்கன்னு பயம். துளி அசையல பாருங்க."

போகிறபோக்கில் சோலோவுக்கு முன்னால் ஹாத்தவே சொல்லும் அறிமுகத்தையும் விளக்கச் சொன்னார். நாட்டிலேயே படுமோசமான பேஸ்காரர் என்கிற மாதிரி சொல்லி அழைப்பார், கறுப்பர்களின் பேச்சில் அது உச்சகட்டப் பாராட்டு. மாமாவுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. "நாமளும்தானே 'பாவி, என்னமா வாசிக்கிறான்'னு சொல்றோம்" என்றார்.

ஆறாம் வாரம்

கார்வையைப் பழக வேண்டும் என்று மெட்ரோனோமோடு உட்கார்ந்தேன். டிக் டிக் டிக். இடைவெளி விட்டால் அறையில் மின்விசிறிச் சத்தம்தான். அந்த மூன்று நிமிடத்தை மறுபடி ஹெட்ஃபோனில் கேட்டேன், இந்தத் தடவை பேஸை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும். ஒன்றுகூடக் காலியாக இல்லை. வீக்ஸ் விடுகிற இடத்தில் யாரோ "ஹே!" என்கிறார்கள், யாரோ கைதட்டுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த நோட்டு அவர்களுக்குப் பதில் மாதிரி விழுகிறது. என் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது உரையாடலில் ஒருவர் பேசியதை மட்டும்.

அப்போது ஒரு யோசனை. பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறதே, அதில் போட்டேன். என் பழைய லேப்டாப் இருபது நிமிடம் முனகி நாலு கோப்பு கொடுத்தது. பேஸ் கோப்பை அணைத்துவிட்டு நான் வாசிப்பதாகத் திட்டம்.

சரி, கூட்டம் எந்தக் கோப்புக்குப் போனது என்று தேடினேன். கைதட்டல் டிரம்ஸில். கூச்சல், சிரிப்பு, "ஹே" எல்லாம் குரல் கோப்பில். ஹாத்தவே பாடாத இடத்திலும் மென்பொருளுக்கு இவர்கள்தான் பாடகர்கள். 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' பாட்டையும் போட்டுப் பார்த்தேன். ஹாத்தவேயையும் அவர்களையும் அதனால் பிரிக்க முடியவில்லை, மொத்தமாக ஒரே குரல் என்று கொடுத்துவிட்டது. ஆரிஃப் மார்டின் இந்த ஆல்பத்தைத் தயாரித்தபோது கூட்டத்தின் சத்தத்தை அமுக்கியிருந்தால், என்னதான் வாசித்திருந்தாலும் இன்று யாரும் இதைத் தேடிக் கேட்டிருப்பார்களா தெரியாது. அந்த இரவுகளில் மிச்சமான பாட்டுகள் பிற்பாடு, 1980இலும் அதற்கப்புறமும், வேறு ஆல்பங்களாக வந்தன. எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் திரும்பி வருவது இதற்குத்தான்.

வீக்ஸ் அப்புறம் டேவிட் போவி, ஜார்ஜ் ஹாரிசன், எரிக் கிளாப்டன் என்று பெரிய பெரிய ஆட்களுக்கு வாசித்தார். போவியின் 'யங் அமெரிக்கன்ஸ்' ஆல்பத்தில் இருப்பது அவர் கைதான் என்று எனக்கு இந்த வாரம்தான் தெரியும். பத்து வருடமாகக் கேட்கிற ஆல்பம்!

ஏழாம் வாரம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம். ஸ்பாஞ்ச் துண்டைச் சரி செய்து, சுருதி சேர்த்து, பேஸ் இல்லாத பதிவை ஓடவிட்டேன். முழு வேகம். நாலு தடவை பாதியில் நிறுத்தினேன். ஐந்தாவது தடவை கடைசிவரை போனேன்.

முதல் அரை நிமிடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. ஒரு நோட்டு விட்டேன், காத்திருந்தேன், 1971 அக்டோபரிலிருந்து ஒருவர் "ஹே!" என்றார். முதுகு சிலிர்த்தது. அடுத்ததை வாசித்தேன். கைதட்டினார்கள்.

நடுவில் கீழ் ஃப்ரெட்டிலிருந்து மேலே ஒரு தாவல். என் வாசிப்பின் பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, அங்கே நான் அரை மாத்திரை தாமதம். நான் இன்னும் தொடாத நோட்டுக்கு பிட்டர் எண்டில் அத்தனை பேரும் கத்திவிட்டார்கள். அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.