ஹிலாந்தரின் பாதி

2004 மார்ச் 4-ஆம் தேதி அதிகாலையில் கிரேக்கத்தின் ஆதோஸ் மலையில் உள்ள ஹிலாந்தர் மடாலயம் தீப்பற்றியது. புனித சாவாவும் அவருடைய தந்தையும் முன்னாள் செர்பிய ஆட்சியாளருமான ஸ்தெஃபான் நெமான்யாவும் 1198-இல் நிறுவிய இந்தச் செர்பிய மரபுவழித் திருச்சபை மடத்தின் ஏறத்தாழ பாதிக் கட்டடங்கள், பெரும்பாலும் துறவிகள் தங்கும் வடபகுதி மாடிகள், எரிந்துபோயின. செர்பிய மன்னர் மிலுதின் எழுப்பிய நடுக்கோயிலைத் தீ அண்டவில்லை. அங்கே மடாதிபதியின் இருக்கையில் வீற்றிருக்கும் 'மூன்று கரத்து அன்னை' என்னும் மரியன்னையின் திருவுருவ ஓவியமும் தப்பியது என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

சீரமைப்புக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாயின என்பதைச் சிலர் தாமதம் என்பார்கள். எனக்கு அது பொறுப்பாகவே தெரிகிறது. கான்கிரீட்டைக் கொட்டி விரைவாக முடித்திருக்கலாம். ஆனால், உலகப் பாரம்பரியச் சின்னமாகிய ஆதோஸில் எரிந்த சுவரின் ஒவ்வொரு கல்லையும் ஆராய்ந்து, நிற்கக்கூடியதை நிற்கவிட்டு, கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மரமும் கொண்டு பழைய முறையிலேயே கட்ட வேண்டியிருந்தது. கரியைத் தட்டிப் பார்த்து, உள்ளே எவ்வளவு கல் உயிரோடு இருக்கிறது என்று கண்டறியும் அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

கோயிலின் தென்சுவரில், நெமான்யாவின் கல்லறையிலிருந்து முளைத்ததாக நம்பப்படும் திராட்சைக்கொடி படர்ந்திருக்கிறது. குழந்தை வேண்டுவோருக்குத் துறவிகள் அதன் உலர்ந்த பழங்களைத் தருவார்கள். தீக்குப் பிறகும் அந்தக் கொடி காய்க்கிறது.