பகடியைப் படிக்க இரண்டு புத்தகம் வேண்டும்: நெட் தேர்வு அனுபவம்

ஆங்கில இலக்கியத்தில் நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதுகிறவர்கள் பலர் ‘பாரடி’, அதாவது பகடி, என்ற சொல்லை ஒரு வரி விளக்கமாக மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் படித்தேன். தேர்வில் பாரடி, பர்லெஸ்க், டிராவெஸ்டி, பாஸ்டிஷ் நான்கையும் வரிசையாக வைத்துப் பொருத்தச் சொன்னபோது எல்லாமே ஒன்றுபோலத் தெரிந்தன. இரண்டு மதிப்பெண் போனது.

அடுத்த முறை ஒரு நோட்டுப் பக்கத்தின் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் மூலம், வலது பக்கம் பகடி. முதலில் எழுதியது ஐசக் வாட்ஸ் 1715-ல் வெளியிட்ட சிறுவர் பாடல்களில் உள்ள தேனீப் பாட்டு. நாள் முழுக்கத் தேன் சேர்க்கும் தேனீயைப் போல நீயும் சோம்பாமல் இரு என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பாட்டு. எதிரே, 1865-ல் வந்த ‘ஆலிஸ்’ கதையில் லூயிஸ் கரோல் வைத்த முதலைப் பாட்டு. வாட்ஸின் தேனீ ஒளிரும் பொழுதை மேம்படுத்துகிறது. கரோலின் முதலை ஒளிரும் தன் வாலை மேம்படுத்துகிறது. ‘இம்ப்ரூவ்’, ‘ஷைனிங்’ இரண்டும் அப்படியே இருக்க, பொழுது இருந்த இடத்தில் வால் வந்து உட்கார்ந்துவிட்டது. சந்தம் மாறவே இல்லை. கடைசியில் அந்த முதலை வாய் நிறையச் சிரித்தபடி குட்டி மீன்களை உள்ளே வரவேற்கிறது.

மாறிய சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கரோலின் குறி முதலை மேல் இல்லை, பிள்ளைகளுக்கு ஓயாமல் புத்தி சொல்லும் அந்தப் பாட்டு வகையின் மேல். அன்றைய ஆங்கிலப் பிள்ளைகளுக்குத் தேனீப் பாட்டு மனப்பாடம். நாம்தான் மூலத்தைத் தேடிப் படித்தாக வேண்டும்.

பர்லெஸ்க்கையும் டிராவெஸ்டியையும் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அற்ப விஷயத்தைக் காவிய நடையில் பாடினால் உயர் பர்லெஸ்க். ஒரு முடிக்கற்றை வெட்டப்பட்டதை அலெக்ஸாண்டர் போப் காவியமாக்கியது இந்த வகை. பெரிய விஷயத்தைக் கொச்சையாக இறக்கினால் டிராவெஸ்டி. பாஸ்டிஷில் போலச் செய்தல் உண்டு, குத்தல் இல்லை. அதனால்தான் அமெரிக்க விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் அதை வெற்றுப் பகடி என்றார்.

சட்டையர்தான் அதிகம் குழப்பும். தொல்காப்பியம் செம்பொருள், கரந்தது என்று இரண்டாகப் பிரிக்கும் அங்கதம் இதற்கு நெருங்கியது. சட்டையர் ஆளையும் நடத்தையையும் நேரே சாடலாம். பகடிக்கோ இன்னொரு படைப்பு கட்டாயம் வேண்டும். நம் ஊரில் தேர்தல் நேரத்தில் சினிமா மெட்டில் வேட்பாளர் பெயரைப் போட்டுப் பாடுகிறார்கள். மெட்டு கடன் வாங்கியது, சரி. ஆனால் மூலப் பாட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. அதைப் பகடி என்று நான் எழுத மாட்டேன்.

அப்புறம், பகடி என்றாலே மட்டம் தட்டுவது என்று எழுதிவிடாதீர்கள். கிரேக்கத்தில் ‘ஓடே’ என்றால் பாட்டு. ‘பாரா’ என்பதற்கு எதிரே, பக்கத்தில் என்று இரண்டு பொருளும் உண்டு. இதைப் பிடித்துக்கொண்டுதான் கனடிய விமர்சகர் லிண்டா ஹட்சியன் 1985-ல் வெளியான தன் நூலில், விமர்சனத் தொலைவோடு திரும்பச் செய்வதே பகடி என்றார். ஓவியத்துக்கும் இது பொருந்தும். 1919-ல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷான் மோனா லிசா அச்சிட்ட ஒரு மலிவான தபால் அட்டையில் பென்சிலால் மீசையும் குறுந்தாடியும் வரைந்தார். அந்த மீசை லியனார்டோவின் கைவண்ணத்தைக் குறை சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படத்தைச் சுற்றி நாம் வளர்த்துவிட்ட பக்தியைத்தான் அது தொடுகிறது.

நாவல்களில் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ரிச்சர்ட்சனின் ‘பாமெலா’வையும் (1740) ஃபீல்டிங்கின் ‘ஷாமெலா’வையும் (1741) எடுங்கள். கடிதங்களாகவே எழுதப்பட்ட ‘பாமெலா’வின் முதல் சில கடிதங்களை முதலில் படித்துவிடுங்கள். கற்பு என்ற பொருளில் வரும் ‘வெர்ச்சூ’ பணிப்பெண்ணான பாமெலாவுக்கு உயிர். ஷாமெலா அதே சொல்லை ‘வார்ச்சூ’ என்று இழுத்து எழுதி, அதை வைத்தே பெரும் சொத்து சேர்க்கப் போவதாகச் சொல்வாள். அந்த ஓரெழுத்து மாற்றத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.