ஓரத்தில் எழுதிய ஒரு வரி

11 ஆண்டுகளாக ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். போர்க்கால அத்துமீறல்கள் பற்றிய காகிதங்கள் எங்களிடம் வரும். ஒவ்வொன்றையும் படித்து, தேதி குறித்து, யார் யாருக்கு எழுதியது என்று பதிந்து, எண் போட்டு வைக்க வேண்டும். என்றாவது ஒரு நாள் ஒரு வழக்கறிஞர் இதைக் கேட்டு வருவார் என்ற நம்பிக்கையில் செய்கிற வேலை.

சேர்ந்த முதல் வருடமே ஒரு தவறு செய்தேன். ஒரே சமயத்தில் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்றில் உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்கள். இன்னொன்றில் ஒரு ராணுவ முகாமின் டீசல் கணக்கு, வண்டிகள் போய் வந்த நேரம், காவல் முறைப் பட்டியல். வாக்குமூலங்களைப் படிக்கத் தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை. இரவில் தூக்கம் வராது. அவற்றை முதலில் முடிப்பதுதான் அந்த மனிதர்களுக்குச் செய்கிற நியாயம் என்று நினைத்து, கணக்கு நோட்டுகளை அப்புறம் பார்க்கலாம் என்று கீழ்த்தட்டில் தள்ளினேன். மழைக்காலத்தில் ஈரம் ஏறி, ஒரு நோட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

எங்கள் பொறுப்பாளர் சத்தம் போடவில்லை. "என்ன நடந்ததுன்னு சொல்ல ஆட்கள் இருக்காங்கம்மா. அதைச் செஞ்ச படையை யார் அனுப்பினாங்கன்னு சொல்ல இந்த நோட்டுதான் இருந்துச்சு" என்றார்.

அது எனக்கு முழுதாகப் புரிந்தது ஹிசேன் ஹாப்ரே வழக்கைப் படித்தபோதுதான். 1982 முதல் 1990 வரை ஆப்பிரிக்காவின் சாட் நாட்டை ஆண்டவர் அவர். ஆட்சி கவிழ்ந்ததும் செனகலுக்கு ஓடிவிட்டார். அவருடைய ரகசியக் காவல்துறையின் கைவிடப்பட்ட கட்டடத்துக்குள் 2001இல் மனித உரிமை அமைப்பினர் நுழைந்தபோது, தரை முழுக்கக் காகிதம். கைதிகளின் பட்டியல், விசாரணைக் குறிப்பு, இறப்புச் சான்று. அவற்றில் 898 கைதிகளைப் பற்றி நேராக ஹாப்ரேவுக்கே அனுப்பப்பட்ட 1,265 தகவல்கள் இருந்தன. தனக்குத் தெரியாது என்று அதற்குப் பிறகு அவர் எப்படிச் சொல்ல முடியும்?

என்னை உலுக்கியது வேறொரு காகிதம். போர்க்கைதிகள் சிலரை மருத்துவமனைக்கு மாற்றும்படி செஞ்சிலுவைச் சங்கம் எழுதிய கோரிக்கை. அதன்மேல் ஹாப்ரேயின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: இனி எந்தப் போர்க்கைதியும் செத்தாலொழியச் சிறையை விட்டு வெளியே போகக்கூடாது. அது அவர் கையெழுத்துதான் என்று நிபுணர் உறுதி செய்தார். 2016 மே 30 அன்று செனகலின் டக்கார் நகரில் இருந்த சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு கோரிக்கை மனுவின் மேல் அவசரமாகக் கிறுக்கிய வரி. எங்கள் கீழ்த்தட்டில் அப்படி என்ன கிடந்து அழிந்ததோ என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது.

பதவி யாரையும் காப்பாற்றாது என்ற விதி நாஜித் தலைவர்களை விசாரிக்க எழுதப்பட்ட 1945இன் நியூரம்பர்க் சாசனத்திலேயே இருக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தின் 27ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. தலைவரின் மேசைக்கும் கிராமத்தில் எரிந்த வீட்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைச் சான்றுகளால் நிரப்புவதுதான் கஷ்டம். லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்ல்ஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டுச் சிறை கிடைத்தது. ஆனால் அண்டை நாடான சியரா லியோனின் கிளர்ச்சிப் படைக்கு அவர் உதவினார், சில தாக்குதல்களைத் திட்டமிட்டார் என்பதற்காகத்தான். அந்தப் படை அவருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதை நீதிபதிகள் ஏற்கவில்லை.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் முன்னாள் துணை அதிபர் பெம்பாவின் வழக்கில் இன்னும் மோசம். அவருடைய படை மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் செய்த கொலைகளுக்கும் பாலியல் வன்முறைக்கும் அவர் பொறுப்பு என்று 2016இல் தீர்ப்பானது. 2018இல் மேல்முறையீட்டில் விடுதலை. 5,000க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள் அந்த வழக்கில் பங்கெடுத்திருந்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யென்று மேல்முறையீட்டு நீதிபதிகள் சொல்லவில்லை. தன் படையைத் தடுக்க, வேறு நாட்டில் இருந்த தலைவர் தன்னால் முடிந்ததைச் செய்தாரா என்ற கேள்வியில்தான் முக்கியமாக வழக்கு விழுந்தது. அந்தத் தீர்ப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு, ஒரு தலைவர் அனுப்பிய, அனுப்பாமல் விட்ட ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

காலம் வேறு நமக்கு எதிராக ஓடுகிறது. யூகோஸ்லாவியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச் 2006இல், தீர்ப்பு வருமுன்னே சிறையில் இறந்துபோனார். சூடானின் முன்னாள் அதிபர் பஷீர் மீது 2009இல் பிறப்பிக்கப்பட்ட பிடியாணை இன்னும் காத்திருக்கிறது. காகிதம் அவர்களைவிட நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்போது புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரத்தில் வாக்குமூலங்களைக் கொடுப்பதில்லை. டீசல் நோட்டுகளைத்தான் கொடுக்கிறேன். ஒட்டிப்போன அந்த நோட்டு இன்றும் தன் எண்ணோடு அலமாரியில் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகிற ஆவணத்தில் சேதம் எப்படி வந்தது என்று மறைக்காமல் எழுத வேண்டும். அதன் பதிவேட்டில் இப்படி இருக்கிறது: "பக்கங்கள் ஈரத்தால் ஒட்டியவை. சேதம் நமது காப்பகத்தில் நேர்ந்தது. பொறுப்பு: பதிவு எழுத்தர்." கீழே என் கையெழுத்து.